மீல்வார்ம் வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவை, பல்லி, ஆமை, மீன், கோழி என்று எதையாவது வளர்ப்பவர்கள் அவற்றுக்குத் தீனியாகும் மீல்வார்ம் என்ற புழுவை முதலில் கடையில் வாங்குவார்கள். நாலைந்து முறை வாங்கியதும் "இதை நாமே வளர்த்தால் என்ன?" என்ற எண்ணம் வந்துவிடும். வளர்க்கலாம். அதிக இடம் பிடிக்காது, சத்தம் போடாது, நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கவும் தேவையில்லை. வளர்ப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் ஈரத்தால்தான். கீழே உள்ள பதில்களில் அந்தச் சொல் அலுக்கும் அளவுக்கு வரும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீல்வார்ம் உண்மையில் புழுதானா?

மண்புழுவுக்கும் இதற்கும் உறவில்லை. டெனிப்ரியோ மாலிட்டர் என்ற கருவண்டின் இளம்பருவம் இது. முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு என்று நான்கு பருவம். நாம் தீனியாகக் கொடுப்பது இரண்டாவது பருவத்தை. தானியக் கிடங்கிலும் மாவு மூட்டையிலும் நெடுங்காலமாகக் குடியிருந்த பூச்சி என்பதால் உலர்ந்த இடத்தில் உலர்ந்ததைத் தின்று பிழைக்கும் உடல் அதற்கு. இதை மனதில் வைத்துக்கொண்டால் வளர்ப்பு முறையில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

தொடங்க என்னென்ன வேண்டும்?

வழவழப்பான பக்கங்கள் கொண்ட பிளாஸ்டிக் பெட்டிகள் மூன்று. காலணிப் பெட்டி அளவு போதும்; ஆழத்தைவிட அகலம் முக்கியம். கோதுமைத் தவிடு. ஒரு மெல்லிய சல்லடை, ஒரு கண் பெரிய சல்லடை. கிழித்த அட்டைத் துண்டுகள் சில. பிறகு புழுக்கள். ஐந்நூறு புழுக்களோடு தொடங்கினால் இடையில் சில செத்தாலும் வளர்ப்பு நிற்காது. ஐம்பதோடு தொடங்கினாலும் பெருகும், ஆனால் தீனிக்கு எடுக்கும் அளவு சேரும்வரை பொறுமை தாங்காது.

விளக்கு வேண்டாம். இவை இருட்டை விரும்புபவை. வெளிச்சம் பட்டதும் தவிட்டுக்குள் புதைந்துகொள்ளும்.

மூடி போடாவிட்டால் ஏறி வெளியே வந்துவிடாதா?

வழவழப்பான பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியிலும் புழுவாலும் ஏற முடியாது, வண்டாலும் முடியாது. பக்கச்சுவரில் ஒட்டுத்தாளோ கீறலோ இருந்தால் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு ஏறும். மரப்பெட்டியும் அட்டைப்பெட்டியும் கூடாது. ஏறுவது இருக்கட்டும், அட்டையைக் கடித்தே வழி செய்துகொள்ளும். வண்டுக்கு இறக்கை உண்டு என்றாலும் பறப்பது அரிது.

பல்லி, எலி, எறும்பு உள்ளே வராமலிருக்க மேலே ஒரு மெல்லிய கம்பிவலை போடலாம். காற்றுப் புகாத மூடி மட்டும் வேண்டவே வேண்டாம். புழுக்கள் விடும் ஈரமும் காய்கறியின் ஈரமும் மூடியின் உட்புறத்தில் துளியாகக் கோத்து, சொட்டி, தவிட்டைக் கட்டியாக்கிவிடும்.

என்ன தீனி போடுவது?

அடிப்படைத் தீனி கோதுமைத் தவிடு. இதுவே அவற்றுக்கு வீடு, இதுவே சாப்பாடு. நாலைந்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பினால் போதும். ஓட்ஸை ஒன்றிரண்டாக உடைத்துக் கலக்கலாம். கோழிக்குஞ்சுத் தீவனம் சிறிது சேர்த்தால் புரதம் கூடும், புழு விரைவாக வளரும். ஆனால் மருந்து கலந்த தீவனமாக இருக்கக் கூடாது. பெயர் தெரியாத தீவனம் என்றால் தவிர்த்துவிடுவது நல்லது.

ஈஸ்ட் தூள் ஒரு சிட்டிகை, பால்பவுடர் கொஞ்சம் என்று ஆளுக்கொரு கலவை சொல்வார்கள். எதுவும் கெடுதல் இல்லை. ஆனால் வெறும் தவிட்டிலேயே இந்தப் பூச்சி தலைமுறை தலைமுறையாக வளரும் என்பதால், முதல் ஆறு மாதம் இந்தச் சமையல் குறிப்புகளில் நேரம் செலவழிக்காதீர்கள்.

புதுத் தவிட்டை அப்படியே கொட்டாமல், உறைநிலைப் பெட்டியில் நாலைந்து நாள் வைத்தெடுத்து, வெளியே வைத்துக் குளிர் நன்றாகத் தணிய விட்டு, பிறகு போடுங்கள். பையைத் திறக்காமலேயே குளிர் தணிய விட்டால் காற்றின் ஈரம் தவிட்டில் படியாது. எதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பது நுண்ணுண்ணி பற்றிய பதிலில் வரும்.

தண்ணீர் வைக்க வேண்டாமா?

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் அதில் விழுந்து சாகும். பஞ்சை நனைத்து வைப்பதும், தெளிப்பானால் தவிட்டின் மீது தெளிப்பதும் பூசணத்துக்கு அழைப்பு விடுவதுதான். நீர் முழுவதும் காய்கறியிலிருந்து கிடைக்க வேண்டும்.

இதற்கு ஏற்றது கேரட். உருளைக்கிழங்கும் நல்லது. இரண்டும் மெல்ல உலரும், தவிட்டை நனைக்காது. வெள்ளரி, தர்பூசணி, தக்காளி போன்றவை நீரை ஒரேயடியாகக் கசியவிடும். போட்டே ஆக வேண்டுமென்றால் சிறு துண்டாக, சில மணி நேரத்தில் எடுத்துவிடும்படி போடுங்கள். துண்டைத் தவிட்டின் மேல் நேரடியாக வைக்காமல் ஒரு அட்டைத் துண்டின் மீது வைத்தால் எடுப்பதும் எளிது, அடியில் ஈரமும் பிடிக்காது. வெட்டுப்பக்கம் மேலே இருக்கட்டும்.

ஒரு நாளில் தின்று தீர்க்கும் அளவுதான் சரியான அளவு. மறுநாள் துண்டு மிச்சமிருந்தால் அளவைக் குறையுங்கள். துண்டைப் போட்டதுமே புழுக்கள் குவிந்து மொய்த்தால் தாகத்தில் இருக்கின்றன என்று பொருள், இடைவெளியைக் குறைக்கலாம். பொதுவாக வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும். காய்கறியில் பூச்சிமருந்து எச்சம் இருந்தால் பெட்டி மொத்தமும் ஒரே இரவில் காலியாகிவிடும். புழுவும் பூச்சிதானே. தோல் சீவிப் போடுவது பாதுகாப்பு.

காற்றில் ஈரப்பதம் 88 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இந்தப் புழுவால் காற்றிலிருந்தே நீரை உடலுக்குள் இழுத்துக்கொள்ள முடியும். குடலின் கடைசிப் பகுதியில் அதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. பூச்சியியல் மாணவர்களுக்குப் பிடித்த செய்தி. உங்கள் பெட்டியில் அந்த ஈரப்பதம் வந்தால், புழு நீர் குடிப்பதற்கு முன் பூசணம் படர்ந்துவிடும். அறுபது, எழுபது சதவீதம் என்பதே வளர்ப்புக்கு ஏற்ற அளவு.

எந்த வெப்பநிலையில் நன்றாக வளரும்?

25 முதல் 28 டிகிரி செல்சியஸ். 20க்குக் கீழே போகப் போக எல்லாம் மெதுவாகும். 10க்குக் கீழே ஏறக்குறைய அசையாமல் கிடக்கும். மேல்பக்கம்தான் ஆபத்து. 30க்கு மேல் முட்டையும் வளர்ச்சியும் பாதிக்கப்படும், 35ஐத் தாண்டினால் சாவு தொடங்கும்.

அறையின் வெப்பமானி காட்டுவது மட்டும் கணக்கல்ல. ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே இடத்தில் குவிந்தால் அவற்றின் உடல்சூடே சேர்ந்து தவிட்டின் நடுப்பகுதியைப் பல டிகிரி உயர்த்திவிடும். விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். கதகதப்பாக இருந்தால் இன்னொரு பெட்டிக்குப் பிரித்துவிட வேண்டிய நேரம் அது.

புழு வண்டாகி, அந்த வண்டின் குஞ்சுகள் தீனிக்குத் தயாராக எவ்வளவு காலம் ஆகும்?

நல்ல வெப்பத்தில் நான்கைந்து மாதம். முட்டை பொரிக்க ஒரு வாரம் முதல் இரண்டு வாரம். புழுப்பருவம் மிக நீளமானது: இரண்டரை மாதம் முதல் நான்கு மாதம், குளிர்ந்த இடமென்றால் அதற்கும் மேல். கூட்டுப்புழுவாக ஒன்று முதல் மூன்று வாரம். வண்டாக இரண்டு மூன்று மாதம் வாழும்.

கூட்டுப்புழுவிலிருந்து வரும் வண்டு வெள்ளையாக, மெதுமெதுவென்று இருக்கும். பிறகு பழுப்பாகி, சிவந்து, சில நாளில் கருக்கும். கறுத்த பின்தான் இணை சேர்ந்து முட்டையிடத் தொடங்கும். ஒரு பெண் வண்டு தன் ஆயுளில் 250 முதல் 500 முட்டைகள் இடும். எனவே நூறு வண்டுகள் ஒரு சிறு பெட்டியை நிரப்பப் போதுமானவை.

புதியவர்கள் தடுமாறும் இடம் இதற்குப் பிறகுதான். முட்டை இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. மேலே பிசுக்கு இருப்பதால் தவிட்டுத்தூள் ஒட்டிக்கொண்டு கண்ணுக்கே தெரியாது. பொரித்த புழுவும் நூலிழை போல் மெலிந்து, தவிட்டின் நிறத்திலேயே இருக்கும். வண்டுகளை எடுத்துவிட்டு ஒரு மாதம் பெட்டியைப் பார்த்தால் வெறும் தவிடுதான். "ஒன்றுமே பொரிக்கவில்லை" என்று கொட்டிவிடுபவர்கள் ஏராளம். கொட்டாதீர்கள். டார்ச் விளக்கு அடிக்காமல், மங்கிய வெளிச்சத்தில் அசையாமல் தவிட்டின் மேற்பரப்பை உற்றுப் பாருங்கள். தவிடு தானாக நகர்வது போலத் தெரிந்தால் உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள்.

பருவம் பருவமாகப் பிரித்து வைப்பது கட்டாயமா?

பிரிக்காவிட்டாலும் வளர்ப்பு நடக்கும், பெருகாது. வண்டும் புழுவும் முட்டையைத் தின்னும். அசைய முடியாத கூட்டுப்புழுவையும் கடித்துக் குதறும். ஈரம் போதாமல் தாகத்தில் இருக்கும்போது இது இன்னும் அதிகம். கூட்டுப்புழு அவற்றுக்கு ஒரு நீர்ப்பை.

எளிய முறை ஒன்று சொல்கிறேன். வண்டுகள் ஒரு பெட்டியில் இருக்கட்டும். பத்து நாள் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கண் பெரிய சல்லடையால் வண்டுகளை மட்டும் அள்ளிப் புதுத் தவிட்டுக்கு மாற்றுங்கள். பழைய தவிடு முட்டையோடு அப்படியே தனிப் பெட்டியில் நிற்கட்டும். தேதி எழுதி ஒட்டிவிடுங்கள். இப்படிச் செய்தால் ஒவ்வொரு பெட்டியிலும் ஏறக்குறைய ஒரே வயதுப் புழுக்கள் கிடைக்கும். வலை அடித்தட்டு, அடுக்குப் பெட்டி என்று அழகான அமைப்புகளைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். அவை வேலையைக் குறைப்பவைதான், ஆனால் தேதி ஒட்டிய பெட்டிகளே வீட்டுத் தேவைக்குத் தாராளம்.

புழுப் பெட்டியில் கூட்டுப்புழு தெரியத் தொடங்கியதும் வாரம் இருமுறை கையால் பொறுக்கி மூன்றாவது பெட்டியில் வையுங்கள். அதற்குத் தீனி வேண்டாம், காகிதம் விரித்தால் போதும். பக்கத்தில் ஈரமான எதுவும் வேண்டாம்.

கூட்டுப்புழு உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா?

மெல்லத் தொட்டால் வயிற்றுப்பகுதியை ஆட்டும். வெளிர்மஞ்சள் நிறம் உயிரின் அடையாளம். முழுதும் கறுத்து, அசைவற்றுக் கிடந்தால் செத்தது. கண்ணும் காலும் மட்டும் கருமையாவது வண்டு வெளிவரப் போவதன் அறிகுறி. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஆண், பெண் அறிய விரும்பினால் அதுவும் இந்தப் பருவத்தில்தான் எளிது. அடிப்பக்கம் வாலருகே இரண்டு சிறு முனைகள் தெளிவாகப் பிரிந்து நீண்டிருந்தால் பெண். ஆணில் அவை சிறியவை. பூதக்கண்ணாடி வேண்டும்.

சில புழுக்கள் திடீரென்று வெள்ளையாக இருக்கின்றனவே, நோயா?

தோலுரித்திருக்கிறது. வளர்வதற்குள் பத்துக்கும் மேற்பட்ட முறை உரிக்கும். அந்தச் சில மணி நேரம் உடல் மிருதுவாக இருக்கும், பிறகு மஞ்சளாகிவிடும். செரிமானம் மெதுவான பிராணிகளுக்கு இந்த வெள்ளைப் புழுக்களைத் தேர்ந்து கொடுப்பவர்களும் உண்டு.

பெட்டியின் அடியில் மணல் போல் சேர்வது என்ன?

புழுக்களின் எச்சம். உலர்ந்தும் நயமாகவும் இருக்கும், மணம் பெரிதாக இராது. தவிட்டைவிட இது அதிகமாகிவிட்டால் மெல்லிய சல்லடையில் சலித்து, புதுத் தவிடு போடுங்கள். மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். வண்டுப் பெட்டியின் தவிட்டையும் பொடிப் புழுக்கள் உள்ள பெட்டியையும் சலிக்கக் கூடாது. முட்டையும் குஞ்சும் சல்லடையில் இறங்கிவிடும்.

சலித்த தூள் செடிகளுக்கு நல்ல உரம். தழைச்சத்து உண்டு, புழுவின் தோலிலுள்ள கைட்டினும் உண்டு. தொட்டிமண்ணில் கைப்பிடி கலந்தால் போதும். மேலே குவித்து வைத்து நீர் ஊற்றினால் பூசணம் பூத்துவிடும். போடுவதற்கு முன் சில நாள் உறைநிலைப் பெட்டியில் வைத்தால் தப்பிய முட்டைகள் செத்துவிடும்.

சலிக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், முடிந்தால் வெளியே சலியுங்கள். இந்தத் தூள் மூச்சுக்குள் போய் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வந்த வளர்ப்பாளர்கள் உண்டு.

பெட்டி நாறுகிறது. ஏன்?

சரியான பெட்டியில் தவிட்டு மணம்தான் வரும். மூக்கைக் குத்தும் அம்மோனியா நெடி என்றால் எங்கோ ஈரம் தங்கியிருக்கிறது, அல்லது செத்த புழுக்கள் குவிந்திருக்கின்றன, அல்லது எச்சம் மிஞ்சிவிட்டது. காய்கறியை எடுங்கள், கட்டியான தவிட்டைத் தூக்கி எறியுங்கள், கறுத்த புழுக்களைப் பொறுக்குங்கள், சலியுங்கள். இரண்டு நாள் காய்கறி போடாமல் காற்றாட வைத்தால் சரியாகும்.

பெட்டியின் ஓரத்தில் மாவு தூவியது போல் ஏதோ நகர்கிறது!

நுண்ணுண்ணிகள். ஆங்கிலப் பெயரான மைட்ஸ் என்றே பலரும் சொல்கிறார்கள். தவிட்டோடு வருபவை, ஈரம் கிடைத்ததும் பெருகும். பெட்டியின் விளிம்பிலும் காய்கறித் துண்டிலும் பழுப்பும் வெள்ளையுமாகப் படலம் போல் படியும், விரலால் தேய்த்தால் ஒருவித வாடை வரும். பெரிய புழுக்களை இவை கொல்வதில்லை. ஆனால் தீனியில் பங்குக்கு வரும், முட்டைகளையும் பொடிப் புழுக்களையும் நலிய வைக்கும். வளர்ப்பை அமைதியாக விழுங்குபவை இவைதான் என்பது என் கருத்து.

மருந்து அடிக்க முடியாது. உண்ணியைக் கொல்வது புழுவையும் கொல்லும். டயட்டமேசியஸ் எர்த் என்ற பூச்சிக்கொல்லித் தூளும் அப்படியே, அது எல்லாப் பூச்சிகளின் உடல் நீரையும் வற்ற வைக்கும். செய்யக்கூடியது உலர்த்துவது. புழுக்களைச் சலித்து எடுத்து, பழைய தவிட்டைப் பையில் கட்டி வெளியேற்றிவிடுங்கள். பெட்டியைச் சுடுநீரில் கழுவி வெயிலில் காய வையுங்கள். உறையவைத்துக் குளிர் தணிந்த புதுத் தவிட்டில் புழுக்களை விட்டு, ஒரு வாரம் காய்கறியை நிறுத்துங்கள். புழு தாங்கும், உண்ணி தாங்காது. பிறகு ஒரு துண்டு உருளைக்கிழங்கை இரவில் வைத்துக் காலையில் எடுத்துப் பாருங்கள். அதன் அடியில் உண்ணிகள் ஒட்டியிருந்தால் துண்டோடு எறிந்துவிட்டு மறுபடி வையுங்கள். பொறிபோல வேலை செய்யும்.

ஒவ்வொரு பெட்டியையும் எண்ணெய் தடவிய தனித்தட்டில் வைத்தால் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவாது. எறும்புக்கும் இதே மருந்து.

தவிட்டில் நூலாம்படை போல் இழைகள் தெரிகின்றன.

அந்துப்பூச்சியின் வேலை. அதன் புழு நூல் நூற்று தவிட்டை முடிச்சாக்கும். அந்த முடிச்சுகளைப் பொறுக்கி எறியுங்கள், பெட்டிக்கு மேல் மெல்லிய துணி கட்டுங்கள். அடுத்த முறை தவிட்டை உறையவைக்காமல் போடாதீர்கள்.

குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா?

வளர்ந்த புழுவை வைக்கலாம். 7 முதல் 10 டிகிரி வரை உள்ள இடத்தில் வளர்ச்சி நின்றுபோகும், வண்டாக மாறுவது வாரக்கணக்கில் தள்ளிப்போகும். தீனிக்கென்று வாங்கியவை கெடாமலிருக்க இதுவே வழி. வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, சூடு ஏறி நகரத் தொடங்கியதும் ஒரு துண்டு கேரட் கொடுத்து, ஒரு நாள் தின்னவிட்டு, மீதியை எடுத்துவிட்டுத் திரும்ப வையுங்கள். ஈரத்துண்டோடு உள்ளே வைக்க வேண்டாம். வண்டு, முட்டை, கூட்டுப்புழு மூன்றையும் குளிரில் வைப்பதில் பயனில்லை.

சூப்பர்வார்மும் இதுவும் ஒன்றா?

வேறு இனம். சூப்பர்வார்ம் சோஃபோபாஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. விரல் நீளத்துக்குத் தடித்து வளரும், கடிக்கும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் செத்துவிடும். கூட்டமாக இருக்கும்வரை கூட்டுப்புழுவாக மாறாது. ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிமிழில் அடைத்தால்தான் மாறும்.

ஜெயன்ட் மீல்வார்ம் என்று விற்கப்படுபவை பல சமயம் சாதாரண மீல்வார்ம்தான். வண்டாக மாறவிடாத ஹார்மோன் கொடுத்துப் பெரிதாக்கியவை. அவற்றை வாங்கிப் பெருக்க முயல்வது வீண். மாறுபவை சிலவே, அவையும் சரியாக முட்டையிடுவது அரிது.

என் பிராணிக்குத் தினமும் இதையே கொடுக்கலாமா?

பலரும் தவறவிடும் கேள்வி இது. புரதம் நிறைய உண்டு: உலர்ந்த எடையில் ஏறக்குறைய பாதி. கொழுப்பும் நிறைய: உலர்ந்த எடையில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும். குறை சுண்ணாம்புச்சத்தில் இருக்கிறது. புழுவில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பத்து மடங்குக்கும் மேல். ஊர்வனவற்றுக்கோ கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ அதைவிடக் கூடுதலாகவோ இருக்க வேண்டும். மீல்வார்ம் மட்டுமே தின்று வளரும் பல்லிக்கும் ஆமைக்கும் எலும்பு மெலிந்து, தாடை இளகி, கால் வளையும். பூச்சி தின்னும் பறவைக்குஞ்சுகளுக்கும் முள்ளெலிக்கும் இதே ஆபத்து.

இதற்கு இரண்டு வழி. கொடுப்பதற்கு ஓரிரு நாள் முன் புழுக்களைத் தனியே பிரித்து, கால்சியம் மிகுந்த தீனியில் விட்டு வயிற்றை நிரப்புவது ஒன்று. கால்சியம் கார்பனேட் தூளைத் தவிட்டில் கலந்தாலும் நடக்கும், ஆனால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் அதில் விட்டால் புழுவே சாகும். பிரித்தவற்றை உடனே கொடுத்துவிட வேண்டும். வயிற்றிலுள்ளது வெளியேறிவிட்டால் பலன் இல்லை. இன்னொன்று, கொடுக்கும் நேரத்தில் கால்சியம் தூளில் புரட்டுவது. வழவழப்பான உடலில் தூள் நெடுநேரம் நிற்காது என்பதால் புரட்டிய கையோடு கொடுங்கள். வைட்டமின் டி3யும் புறஊதா விளக்கும் தேவைப்படும் பிராணிக்கு, கால்சியம் மட்டும் கொடுத்துப் பயனில்லை. உடல் அதை ஏற்காது.

இத்தனைக்குப் பிறகும் இது பக்க உணவுதான். ஒரே பூச்சியைத் தின்று பழகிய பிராணி மற்றதைத் தொடாது என்ற தொல்லையும் இருக்கிறது. மற்ற பூச்சிகளோடு மாற்றி மாற்றிக் கொடுங்கள். பருமனான பிராணிக்கு அளவைக் குறையுங்கள். எத்தனை புழு என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை, ஆமையும் சிட்டும் ஒன்றல்ல. உங்கள் பிராணியின் எடையைத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

உயிரோடு விழுங்கினால் பிராணியின் வயிற்றைக் கடித்து வெளியே வந்துவிடுமாமே?

நெடுநாளைய வதந்தி. இரைப்பையின் அமிலமும் காற்றின்மையும் புழுவை விரைவில் கொன்றுவிடும். செத்த பிராணியின் உடலிலிருந்து புழுக்கள் வெளிவந்ததைக் கண்டு காரணத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டதால் வந்த கதையாக இருக்கலாம். உண்மையான எச்சரிக்கை வேறு: தின்னாத புழுக்களைக் கூண்டில் விட்டுவைக்காதீர்கள். தூங்கும் பல்லியின் தோலைக் கடிக்கும்.

உலர்ந்த மீல்வார்ம் போதாதா?

கோழிக்கும் காட்டுப் பறவைக்கும் போதும். நீர்ச்சத்து இல்லாததால் வெந்நீரில் ஊற வைத்துக் கொடுங்கள், குஞ்சு வளர்க்கும் காலத்தில் கண்டிப்பாக. அசைவைப் பார்த்து வேட்டையாடும் பிராணிகள் இதைத் திரும்பியும் பார்க்காது.

எலி பெட்டிக்கு வந்து போனது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். எலியின் எச்சத்திலுள்ள நாடாப்புழு முட்டையை வண்டு தின்றால், ஹைமனோலெபிஸ் டிமினுட்டா என்ற நாடாப்புழு வண்டுக்குள் அடுத்த நிலைக்கு வளரும். அந்த வண்டைத் தின்னும் எலி போன்ற விலங்குக்குத் தொற்றும். எலி புழங்கிய பெட்டியைத் தீனிக்குப் பயன்படுத்தாமல் அழித்துவிட்டு, வலை போட்டுப் புதிதாகத் தொடங்குவது நல்லது.

இவை தெர்மோகோலைத் தின்னும் என்று படித்தேன்.

தின்னும். 2015இல் சீனாவின் பெய்ஹாங் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் நூறு புழுக்கள் நாளொன்றுக்கு 34 முதல் 39 மில்லிகிராம் பாலிஸ்டைரீன் நுரையைத் தின்றன. குடலில் உள்ள பாக்டீரியாவே அதைச் சிதைக்கிறது. மில்லிகிராம் என்பதைக் கவனியுங்கள். வீட்டுக் குப்பையை இவை தீர்க்காது. வெறும் நுரையில் உயிர்வாழுமே தவிரக் கொழுக்காது. நுரையில் தீத்தடுப்பு ரசாயனங்கள் இருக்கக்கூடும். பிராணிக்குக் கொடுக்கும் புழுக்களுக்கு இந்த விளையாட்டு வேண்டாம்.

மனிதர் சாப்பிடலாமா?

சாப்பிடுகிறார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் உலர்ந்த மஞ்சள் மீல்வார்ம் உண்ணத் தகுந்தது என்று கருத்துரைத்தது. அதே ஆண்டு ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி தந்தது. புதுவகை உணவாக அங்கே அனுமதி பெற்ற முதல் பூச்சி இது. இறால், நண்டு ஒவ்வாதவர்களும் வீட்டுத்தூசி உண்ணி ஒவ்வாதவர்களும் தொடக் கூடாது. ட்ரோபோமயோசின் என்ற ஒரே வகைப் புரதம் எல்லாவற்றிலும் உண்டு. தீனிக்கடையில் வாங்கியதை உண்ணக் கூடாது. அது எதைத் தின்று வளர்ந்தது என்பது யாருக்கும் தெரியாது.

வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வது?

யாரும் வேண்டாம். நிறையத் தவிடு போட்டு, கிளம்பும் நாளில் ஒரு தடித்த கேரட் துண்டு வைத்துவிட்டால் இரண்டு வாரம் தாங்கும். "பாவம், நிறைய வைப்போம்" என்று ஒரு குவியல் காய்கறி வைத்துப் போவதுதான் ஆபத்து. திரும்பி வரும்போது பெட்டியில் பூசணம் வரவேற்கும்.

வளர்ப்பை நிறுத்த வேண்டுமென்றால்?

வெளியே கொட்டாதீர்கள். தானியம் சேமிக்கும் இடத்தில் இவை தொல்லை தரும் பூச்சி. வேறு வளர்ப்பாளருக்குக் கொடுக்கலாம். இல்லையென்றால் தவிட்டோடு சேர்த்துப் பையில் கட்டி உறைநிலைப் பெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். அதன் பிறகு அந்தத் தவிடும் எச்சமும் உரக்குழிக்குப் போகலாம். பெட்டிகளைச் சுடுநீரில் கழுவிக் காய வைத்து எடுத்து வையுங்கள்.